ஊட்டி ரிவ்யூ: பாயிண்ட் பார்க்க போனா கடுப்பு, பழைய ஊரை பார்க்க போனா சுகம்

ஊட்டி போயிட்டு வந்த யாரை கேட்டாலும் "அங்க என்னங்க இருக்கு, டிராஃபிக்கும் கூட்டமும்தான்"னு அலுத்துக்குறாங்க. அவங்க சொல்றதும் பொய் இல்ல, விடியக்காலைல கார் எடுத்துக்கிட்டு மலை ஏறி, தொட்டபெட்டா, போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், சாக்லேட் கடைனு ஒவ்வொரு பார்க்கிங்லயும் காத்துக்கெடந்து, நாலு போட்டோ எடுத்துட்டு மறுநாள் எறங்குனா வேற என்ன தோணும். என் ரிவ்யூ அந்த ஊட்டிக்கு இல்ல. வெள்ளைக்காரன் மெட்ராஸ் வெயில் தாங்காம மேல ஏறி வந்து கட்டி வச்ச பழைய ஊர் ஒண்ணு அந்த கூட்டத்துக்கு நடுவுலயே இருக்கு, அதுல பாதி இடத்துல ஆளே இல்ல, அதுக்குதான் என் மார்க்கு எல்லாம்.

மொதல்ல ட்ரெயின். மேட்டுப்பாளையத்துலேர்ந்து காலைல 7:10க்கு கெளம்புற மலை ரயில்ல போகலேன்னா ஊட்டி போனதா கணக்குலயே சேராதுனு நான் சொல்லுவேன். சென்னைலேர்ந்து வர்றவங்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கு, ராத்திரி ஏறி படுத்தா விடிகாலைல மேட்டுப்பாளையம், எறங்கி பல்லு வெளக்கி ஒரு காபி குடிச்சிட்டு எதிர்ல நிக்கிற நீலக் கலர் பெட்டில ஏறிக்கலாம். டிக்கெட்தான் பெரிய பாடு. 60 நாளுக்கு முன்னாடி புக்கிங் ஓப்பன் ஆகும், சனி ஞாயிறுன்னா ஓப்பன் ஆன கொஞ்ச நேரத்துலயே வெயிட்டிங் லிஸ்ட்னு காட்டும், அதனால தேதிய முடிவு பண்ணிட்டு லீவு போடாதீங்க, டிக்கெட் கெடச்ச தேதிக்கு லீவு போடுங்க. கெடைக்கவே இல்லன்னா மனசு ஒடஞ்சு போக வேணாம், பஸ்ல குன்னூர் வரைக்கும் போயிட்டு அங்கேர்ந்து ஊட்டிக்கு போற ட்ரெயின்ல ஏறிக்கலாம், ஒரு நாளைக்கு நாலஞ்சு வண்டி ஓடுது. ஆனா அதுல நீராவி எஞ்சின் கெடையாது, டீசல்தான். பல் சக்கரமும் கெடையாது. அதாவது படத்தோட இன்டர்வெலுக்கு அப்புறம் உள்ள போற மாதிரிதான், பரவால்ல, ஆனா முழுசு இல்ல.

பல் சக்கரம்னு சொன்னேன்ல, அதை கொஞ்சம் வெளக்கிடுறேன், ஏன்னா இது தெரியாம போனா "ஏன் இவ்ளோ ஸ்லோவா போறான்"னு எரிச்சல் வரும். மேட்டுப்பாளையம் தாண்டி பவானி பாலம், பாக்குத்தோப்பு எல்லாம் கடந்து கல்லாறு வரைக்கும் சாதாரண ரயில்தான். கல்லாறுலதான் கதை ஆரம்பம், அங்கேர்ந்து குன்னூர் வரைக்கும் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு பல்லா இருக்குற ரெண்டு இரும்பு பட்டை பதிச்சிருக்காங்க, எஞ்சினுக்கு அடில இருக்குற பல் சக்கரம் அதுல மாட்டி மாட்டி ஏறுது. 12.5 அடி முன்னால போனா ஒரு அடி மேல ஏறணும், அவ்ளோ செங்குத்து, வெறும் தண்டவாளத்துல சக்கரம் வழுக்கிரும். இப்படி பல் பட்டைல மாட்டி ஏறுறதுக்கு ஆப்ட் சிஸ்டம்னு பேரு, அது சுவிட்சர்லாந்து டெக்னிக், பழைய எஞ்சின்களும் அங்க வின்டர்தூர்லேர்ந்து வந்ததுதான், பின்னாடி நம்ம திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்லயே புது எஞ்சின் செஞ்சு குடுத்துருக்காங்க. மேல ஏறும்போது எஞ்சின் முன்னாடி இழுக்காது, கடைசில நின்னு தள்ளும். அதனால முன்னாடி பெட்டில உக்காந்தா எதிர்ல எஞ்சினே இல்லாம மலைய நேரா பார்த்துக்கிட்டே போகலாம், ஃபர்ஸ்ட் கிளாஸ் அங்கதான் இருக்கு, காசு கொஞ்சம் ஜாஸ்திதான் ஆனா இந்த ஒரு விஷயத்துக்கு குடுக்கலாம்.

எங்க மாமனார் ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர், அவரு சீட்ல உக்காரவே இல்ல. ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பாரு, கைல பச்சைக்கொடி செவப்புக்கொடி, முன்னாடி பெட்டிக்காரர் கொடி காட்டுனா அடுத்தவர் காட்டணும், அப்படியே கடைசி எஞ்சின் டிரைவர் வரைக்கும் போகணும். வாக்கி டாக்கி காலத்துல இன்னும் கொடி. மாமா ஜன்னல் பக்கம் போயி "ஏன் தம்பி, எறக்கத்துல பிரேக் எத்தன பேரு புடிப்பீங்க"னு கேக்க, அவரு "எல்லா பெட்டிலயும் ஆள் இருக்குங்கய்யா, ஒரு ஆள நம்பி இந்த மலைல எறங்க முடியுமா"ன்னாரு. அப்புறம் குன்னூர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே ரயில்வே கதை. அத்தை என்னை பார்த்து, "பாருங்க மாப்ள, இனி இவரு ஊட்டிய பார்க்க மாட்டாரு, ரயிலத்தான் பார்ப்பாரு"ன்னாங்க. அதான் நடந்துச்சு.

வழில ஹில்குரோவ்ல தண்ணி புடிக்க நிறுத்துவான், கீழ எறங்கி கால நீட்டிக்கலாம், டீ வடை கெடைக்கும், கொரங்கு ஜாஸ்தி, கைல பிஸ்கட் பாக்கெட் தெரிஞ்சா அது உங்களது இல்ல. பெட்டில டாய்லெட் கெடையாது, அத முன்கூட்டியே சொல்லிடுறேன், வயசானவங்க சின்ன பசங்க கூட போறவங்க மேட்டுப்பாளையத்துலயே போயிட்டு ஏறுங்க, அப்புறம் ஸ்டாப்லதான். குன்னூர்ல நீராவி எஞ்சினை கழட்டிட்டு டீசல் மாட்டுவாங்க, அது ஒரு வேடிக்கை, எல்லாரும் எறங்கி போட்டோ. அதுக்கப்புறம் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல்னு ஸ்டேஷன் பேரு வரும்போதே வரலாறும் சேந்து வரும். அருவங்காட்டுல வெடிமருந்து தொழிற்சாலை, வெலிங்டன்ல ராணுவம், லவ்டேல்ல 1858ல ஆரம்பிச்ச லாரன்ஸ் ஸ்கூல், எல்லாம் வெள்ளைக்காரன் ஆரம்பிச்சு வச்சு இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. கேத்தி பள்ளத்தாக்கு வரும்போது மட்டும் போனை உள்ள வச்சிட்டு வெளிய பாருங்க, கேரட்டும் உருளையும் போட்ட படிக்கட்டு வயல், ஓட்டு வீடு, அதுக்கு மேல மேகம்.

மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். ஏறுறதுக்கு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், எறங்க மூணரை மணி நேரம். 1899ல குன்னூர் வரைக்கும் வந்து, 1908ல ஊட்டி வரைக்கும் போட்டு முடிச்சிருக்கான், 2005ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய சின்னம் ஆக்கிட்டாங்க. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழை காலத்துல மண் சரிஞ்சு பாதைய மூடிரும், ட்ரெயின் கேன்சல்னு மெசேஜ் வர்றது சகஜம், அந்த மாசத்துல போறதுன்னா பஸ் ஆப்ஷனையும் மனசுல வச்சிக்குங்க.

ஊட்டி ஸ்டேஷன் விட்டு வெளிய வந்த உடனே சுத்தி வளைக்கிறவங்க டாக்ஸி அண்ணாங்க. "சார் எட்டு பாயிண்ட் சார், சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்"னு ஒருத்தர். மாமா, "முடிக்கிறதுக்கு இதென்ன பரீட்சையாப்பா"ன்னாரு, அவரும் சிரிச்சிட்டு வேற ஆள பார்க்க போயிட்டாரு. அவரு மேல தப்பு இல்ல, வர்றவங்க அதான் கேக்குறாங்க. ஆனா சேரிங் கிராஸ் ஜங்ஷன், சர்ச், லைப்ரரி, கார்டன் எல்லாமே நடக்குற தூரம்தான், கொஞ்சம் ஏத்த எறக்கம், மூச்சு வாங்கும், நின்னு நின்னு போகலாம். சீசன்ல சுத்துலா பஸ்ஸும் விடுறாங்க, அதுல டிக்கெட் எடுத்து வேணுங்கிற எடத்துல எறங்கிக்கலாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது செயின்ட் ஸ்டீபன் சர்ச். மஞ்சள் கலர்ல மேட்டு மேல நிக்குது, நாங்க போனப்ப உள்ள மொத்தமே அஞ்சாறு பேருதான், போட் ஹவுஸ் பக்கம் அதே நேரத்துல ரோடு பிளாக். 1829ல அடிக்கல் போட்டு 1831ல வழிபாட்டுக்கு தொறந்துருக்காங்க. அண்ணாந்து அந்த மர உத்தரங்கள பாருங்க, அது ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனைய பிரிச்சு எடுத்துட்டு வந்த மரம். ரயிலும் கெடையாது ரோடும் சரியா கெடையாத காலத்துல, தோத்துப் போன ராஜாவோட வீட்டு உத்தரத்த மலை மேல ஏத்தி சர்ச்சுக்கு கூரை போட்டுருக்கான். மத்த எடத்துல கைடு சொல்ற எதுவும் என் மண்டைல நிக்கல, இது மட்டும் எறங்க மாட்டேங்குது.

பின்னாடி சரிவுல கல்லறைத் தோட்டம் இருக்கு, பாசி புடிச்ச கல்லு, பாதி எழுத்து அழிஞ்சு கெடக்கு. பொறுமையா படிச்சுக்கிட்டே போனா வயசுதான் கண்ணுல படும், சின்னக் கொழந்தைங்க, இருவது வயசு பொண்ணுங்க. ஊட்டிய உருவாக்குன கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனோட மனைவியும் பொண்ணும் இங்கதான் இருக்காங்க, 1838ல ரெண்டு பேரும் போயிட்டாங்க. "குளிர் பிரதேசம், ஆரோக்கியமான ஊரு"னு சொல்லி சொல்லி அந்த மனுஷன் மெட்ராஸ் கவர்மென்ட் ஆளுங்கள இங்க வர வச்சாரு, அவரு குடும்பத்துக்கே அந்த ஆரோக்கியம் கெடைக்கல. அத்தை ஒவ்வொரு கொழந்தை கல்லறை முன்னாடியும் நின்னு நின்னு வந்தாங்க, வெளிய வந்து ரொம்ப நேரம் பேசவே இல்ல.

சல்லிவன் கட்டுன மொதல் வீடு, 1822ல ஆரம்பிச்ச ஸ்டோன் ஹவுஸ், இப்ப அரசு கலைக் கல்லூரி வளாகத்துல இருக்கு. அத கணக்கு வச்சுதான் 2022ல ஊட்டி 200னு விழா எடுத்தாங்க. இருநூறு வருஷம்ங்கிறது டவுனுக்குதான், தோடர், படுகர், கோத்தர், இருளர், குறும்பர் எல்லாம் அதுக்கு எவ்ளோ முன்னாடிலேர்ந்தே இந்த மலைல இருந்தவங்க, போர்டுல "சல்லிவன் கண்டுபிடித்தார்"னு படிக்கும்போது எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, ஆளு இருக்குற எடத்த எப்படிங்க கண்டுபுடிப்பாங்க. யூகலிப்டஸ், சீகை, பைன்னு இன்னிக்கு நாம "ஆஹா ஊட்டி"னு போட்டோ எடுக்குற பாதி மரம் வெள்ளைக்காரன் வெளிய இருந்து கொண்டு வந்து நட்டது. முன்னாடி இங்க புல்வெளியும் நடுநடுல சோலைக்காடும்தான். பைன் ஃபாரஸ்ட்ல க்யூ கட்டி ரீல்ஸ் எடுக்குறவங்க கிட்ட இத சொன்னா அடிக்க வருவாங்க.

நீலகிரி லைப்ரரி 1859ல ஆரம்பிச்சது, செவப்புக் கட்டடம், மெம்பர்களுக்கானது, அதனால சும்மா நொழைஞ்சு சுத்த முடியாது, வெளிய இருந்து பார்த்தாலே போதும்னு நான் சொல்லுவேன். ஊட்டி கிளப்பும் அப்படித்தான், மெம்பர் இல்லன்னா கேட்டோட சரி. ஸ்னூக்கர் ஆட்டம் ஜபல்பூர்ல 1875ல பொறந்து, விதிமுறை எல்லாம் இந்த கிளப்லதான் எழுதுனதா சொல்லுவாங்க, ஸ்னூக்கர் ஆடுற எங்க மச்சான் அந்த கேட்டு முன்னாடி ஒரு செல்ஃபி கேட்டு அனுப்பி வச்சான், வேற வழியில்லாம எடுத்தேன்.

பொட்டானிக்கல் கார்டன் கூட்டமாதான் இருக்கும், ஆனா கூட்டம் எல்லாம் கீழ புல்வெளிலயும் பூந்தொட்டி பக்கத்துலயும்தான் இருக்கும். 55 ஏக்கர், 1848ல மெக்ஐவர்ங்கிற தோட்டக்காரர் உருவாக்குனது, மேல ஏற ஏற ஆள் குறையும், பெரிய பெரிய மரம், நிழல், பெஞ்சு. ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரம் கல்லா மாறி கெடக்கு, தாண்டிப் போறவங்க பாதி பேரு அத கல்லுன்னே நெனச்சு மேல பைய வச்சிட்டு போட்டோ எடுக்குறாங்க. இன்னும் மேல போனா தோடர் மந்து இருக்கு, அது அவங்க குடியிருக்குற எடம், எட்டிப் பார்த்து வீட்டுக்குள்ள கேமராவ நீட்டாதீங்க. அவங்க வெள்ளைத் துணில செவப்பு கருப்பு நூல்ல போடுற எம்பிராய்டரிக்கு 2013ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, ஷால் வாங்குறதா இருந்தா அவங்க கிட்டயே வாங்குங்க, வெலை ஜாஸ்தினு நெனச்சா அந்த தையல பக்கத்துல வச்சு பாருங்க, முன்பக்கம் எது பின்பக்கம் எதுனு கண்டுபுடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. சாதா ஸ்வெட்டர் குல்லாவுக்கு கார்டன் பக்கத்துலயே திபெத்தியன் மார்க்கெட், பேரம் பேசலாம்.

தங்குன எடத்த பத்தி. பேரு சொல்லல. "பிரிட்டிஷ் கால பங்களா"ன்னு போட்டோ பார்த்து மயங்கி புக் பண்ணது, உள்ள போனா கார்ப்பெட் ஈர வாடை, குளிர்ல ஜன்னல் சரியா சாத்தல, ரூம்ல ஃபயர்ப்ளேஸ் இருக்கு ஆனா வெறகுக்கு தனி காசு, ஹீட்டருக்கு அதுக்கு மேல தனி காசு, சுடுதண்ணி காலைல ரெண்டு மணி நேரம்தான். ஆனா நேர்மையா சொல்லணும்னா உயரமான கூரை, மரத் தரை, வெளிய ஹைட்ரேஞ்சியா பூத்த வராண்டா, அங்க உக்காந்து டீ குடிச்ச அந்த ஒரு மணி நேரம் நல்லாதான் இருந்துச்சு. பழைய பங்களா வேணும்னா சுடுதண்ணி டைம், ஹீட்டர் சார்ஜ், ஈர வாடை இருக்கானு போன்லயே கேட்டுட்டு புக் பண்ணுங்க. கம்பளி எக்ஸ்ட்ரா கேட்டா எல்லா எடத்துலயும் குடுப்பாங்க. கேக்காம யாரும் குடுக்க மாட்டாங்க.

சாப்பாடுல வர்க்கிங்கிற அந்த ஊரு பிஸ்கட்டுக்குதான் என் ஓட்டு. பேக்கரில கண்ணாடி டப்பால குமிச்சு வச்சிருப்பான், பாக்க கரடுமுரடா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், வெறும் வாயில கடிச்சா பல்லுக்கு சவால், சூடான டீல முக்கி எடுத்தா அடுக்கடுக்கா பிரிஞ்சு வாயில கரையும். ரொம்ப நேரம் முக்குனா டீக்குள்ள விழுந்துரும், ஸ்பூன் தேடணும். வெறகு அடுப்புல சுட்டதா இருந்தா லேசா அந்த வாசனையும் இருக்கும். கிலோ கணக்குல வாங்கிட்டு வாங்க, டப்பால போட்டு வச்சா ரொம்ப நாள் தாங்கும். ஹோம்மேட் சாக்லேட்ட பத்தி பேசவே எனக்கு விருப்பமில்ல, தெருவுக்கு பத்து கடை, முக்காவாசி ஒரே ருசி, சர்க்கரை. ரோட்டோரத்துல தவுட்டுப்பழம்னு மலைல வெளையுற குட்டிப் பழம் வித்தா விடாதீங்க, இலையோட வர்ற கேரட்டும் கழுவி கைலயே கடிச்சு சாப்பிடலாம், நம்ம ஊர்ல வாங்குற கேரட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. யூகலிப்டஸ் தைலம் வாங்குறவங்க ரோட்டுல பாட்டில்ல விக்கிறத உஷாரா பார்த்து வாங்குங்க.

தொட்டபெட்டா 2,637 மீட்டர், தமிழ்நாட்டுலயே பெரிய சிகரங்கள்ல ஒண்ணு, நாங்க போனப்ப பனிமூட்டம், பக்கத்துல நின்ன ஆளே தெரியல, சூடா மொளகா தூள் போட்ட சோளம் சாப்பிட்டுட்டு எறங்கிட்டோம். போட் ஹவுஸ் எனக்கு ஒட்டல, கொழந்தைங்க இருந்தா போங்க.

சொந்தக் கார்ல போறவங்களுக்கு: 2024 மே 7லேர்ந்து கோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் கட்டாயம், 2025 ஏப்ரல்லேர்ந்து சாதா நாள்ல 6,000 வண்டி, வார கடைசில 8,000 வண்டினு கட்டுப்பாடும் போட்டாங்க, கெளம்புறதுக்கு முன்னாடி அப்போதைய நெலவரத்த பார்த்துட்டு ஆன்லைன்ல எடுத்துருங்க. அரசு பஸ்ல போனா இந்த தலவலி எதுவும் இல்ல. சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டம் முழுக்க தடை, செக்போஸ்ட்ல எறக்கி வாங்கி வச்சிருவாங்க, ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டு போங்க, அங்கங்க வாட்டர் ஏடிஎம் இருக்கு.

எறங்கும்போது கோத்தகிரி வழியா வாங்க. சீசன்ல எப்படியும் குன்னூர் வழி ஏத்தத்துக்கு, கோத்தகிரி வழி எறக்கத்துக்குனு ஒன்வே ஆக்கிருவாங்க. கோத்தகிரி பக்கத்துல கன்னேரிமுக்குல சல்லிவன் 1819 வாக்குல கட்டுன பங்களாவ சரி பண்ணி வச்சிருக்காங்க, உள்ள பழைய போட்டோ, மலை மக்களோட பொருள் எல்லாம் இருக்கு, ஊட்டி வர்றதுக்கு முன்னாடி அவரு தங்குன எடம் அதுதான். நாங்க இருந்த வரைக்கும் வேற ஒரு வண்டி கூட வரல.

எப்ப போகலாம்னா, மே மாசம் மலர் கண்காட்சி நேரத்துல நான் போக மாட்டேன், பூ நல்லாருக்கும், பூவ பார்க்க எடம் இருக்காது. டிசம்பர் ஜனவரில உறைபனி, காலைல தலைகுந்தா பக்கம் புல்லு வெள்ளையா இருக்கும், குளிரு தாங்குறவங்க போகலாம். பள்ளிக்கூடம் எல்லாம் தொறந்துருக்குற செப்டம்பர் வாரநாள்தான் என் சாய்ஸ். ட்ரெயினுக்கு அஞ்சுக்கு அஞ்சு, சர்ச்சுக்கும் வர்க்கிக்கும் அஞ்சு, கார்டனுக்கு நாலு, எங்களுக்கு கெடச்ச ரூமுக்கு ரெண்டு, அதுவும் அந்த வராண்டாவுக்காக.